பேர் வெட்டிய பாத்திரங்கள்

என் மனைவி எங்கள் வீட்டிலேயே இருக்க வேண்டும், முதியோர் ஹோமுக்குப் போகக்கூடாது. எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். அதற்காக நான் செய்த காரியத்தைக் கேட்டால் சிலருக்குச் சிரிப்பு வரும். வரட்டும். நானும் நடுவில் சிரித்தவன்தான்.

மலேசியாவின் கூலாயில் எங்களுடையது மாடியில்லாத வரிசை வீடு. நான் பஸ் கம்பெனியில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவன். ஜொகூர் முழுக்க ஓடிய பஸ்களை நேரத்துக்குக் கிளப்பிவிட்ட எனக்கு, சொந்த வீட்டில் ஓர் அலமாரிக் கதவை ஒழுங்காகச் சாத்த முடிந்ததில்லை. உள்ளே அவ்வளவு சாமான். ஐஸ்கிரீம் டப்பாவுக்குள் ஊசி நூல், பிஸ்கட் தகரத்துக்குள் எந்தப் பூட்டுக்கும் சேராத சாவிகள், கிறிஸ்துமஸ் குடிலுக்கு வாங்கி மிஞ்சிய வைக்கோல், வந்தவர்கள் மறந்துவிட்டுப் போன குடைகள், மகள் பாலர் பள்ளிக்குப் போட்டுப் போன சப்பாத்து. என் மனைவி எதையும் தூக்கிப் போடமாட்டாள். "இருக்கட்டுங்க, சோறா கேக்குது?" என்பாள். சோறு கேட்காததால் எல்லாம் இருந்தன.

மறதி அவளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வந்தது. முதலில் அடுப்பில் வைத்ததை மறந்தாள். பிறகு கிழமையை மறந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில், மன்றாட்டு நடுவில், "இது யாரு கல்யாணம்?" என்று என் காதில் கேட்டாள். பேரப்பிள்ளையின் பெயர் போனபோது மகள் அழுதாள். நான் அழவில்லை, கோபப்பட்டேன். எனக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான். தாமதமாக வரும் டிரைவரைக் கோபித்தால் அடுத்த நாள் சீக்கிரம் வருவான். மறதியைக் கோபித்தால் அது இன்னும் கொஞ்சம் எடுத்துக்கொண்டு போகிறது.

அப்படி எல்லாம் போய்க்கொண்டிருந்தபோதும் காலை நேரத்தில் மட்டும் அவள் பழைய ஆளாக இருந்தாள். அதற்குக் காரணம் அடுப்படியிலிருந்த பாத்திரங்கள் என்று இப்போது சொல்கிறேன். அப்போது எனக்கு அது தெரியாது.

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கல்யாணம், பிள்ளைகள் முதல் நற்கருணை வாங்கும் புதுநன்மை, வீடு மந்திரிப்பு, எதுவானாலும் சில்வர் பாத்திரம் கொடுப்பார்கள். சும்மா கொடுக்கமாட்டார்கள். கடையிலேயே சொல்லி, விளிம்புக்குக் கீழே புள்ளி புள்ளியாகப் பேர் வெட்டித்தான் கொடுப்பார்கள். 'அன்புடன்' என்று தொடங்கி, கொடுத்தவர் பேர், எஸ்டேட்டின் பேர், என்ன விசேஷம், எல்லாம் இருக்கும். பேர் வெட்டாமல் கொடுத்தால் கொடுத்ததாகவே கணக்கில்லை. சின்ன டம்ளராக இருந்தால் பேர் அதைச் சுற்றி வந்து வாலைக் கடிக்கும். எங்கள் இருவர் பக்கத்துச் சொந்தமும் பெரியது. அத்துடன் மாதர் சபையில் ஓடியாடிய அவள் ஒரு விசேஷத்தையும் விட்டதில்லை. ஆக, எங்கள் அடுப்படியில் ஜொகூரின் பாதித் தமிழ்க் கத்தோலிக்கர்கள் தண்ணீர் குடிக்கும் வடிவத்தில் குடியிருந்தார்கள். அவர்கள் பேரை இங்கே நான் எழுதப்போவதில்லை. உயிரோடு இருப்பவர்களுக்கு மனவருத்தம் வரும்.

காலையில் தேத்தண்ணீர் குடித்ததும் அவள் பாத்திரம் கழுவ நிற்பாள். ஒரு டம்ளரை எடுப்பாள், பேரைத் தடவுவாள், வாய்விட்டுப் படிப்பாள். பிறகு கதை வரும். "இது சிம்பாங் ரெங்கம் பெரிய மாமா வூட்டு டம்ளரு. அவங்க ரெண்டாவது மக கல்யாணத்துல பேய் மழ. பந்தலு சரிஞ்சு போச்சு. மாப்பிள்ள ஓடிப்போயி..." நான் பேப்பரை எடுத்துக்கொண்டு போர்ச்சுக்குப் போய்விடுவேன். தினமும் அதே மழை, அதே மாப்பிள்ளை. காலையில் என்ன சாப்பிட்டாள் என்று கேட்டால் தெரியாது. பந்தல் சரிந்தது மட்டும் தெரியும். எனக்கு எரிச்சலாக இருக்கும்.

ஒரு நாள் அவள் அடுப்படிக்கும் குளியலறைக்கும் நடுவிலுள்ள நடையில், அடுக்கி வைத்திருந்த வாளிகளில் கால் தட்டி விழுந்தாள். இடுப்பு தப்பியது, மணிக்கட்டு தப்பவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னிடம், நடக்கிற வழியெல்லாம் காலியாக இருக்க வேண்டும், அடுத்த முறை விழுந்தால் எழுந்திருக்கமாட்டார் என்றார். மகள் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறாள். அன்றே பாலம் தாண்டி வந்தாள். வந்தவள் உட்காரக்கூட இல்லை.

"அப்பா, இன்னொரு தடவ அம்மா வுழுந்தா என்னால தாங்க முடியாது. வீட்ட கிளியர் பண்ணுங்க. இல்லன்னா ஜொகூர் பாருல ஒரு ஹோம் பார்த்து வெச்சிருக்கேன். நல்ல ஹோம்ப்பா. போய்ப் பாருங்க."

போய்ப் பார்த்தேன். நல்ல ஹோம்தான். தரை பளபளவென்று இருந்தது, மீன் தொட்டி இருந்தது, வரிசையாகக் கட்டில்கள் இருந்தன. எல்லாரும் டிவியின் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார்கள், டிவி அணைந்திருந்தது. நான் காரில் வந்து உட்கார்ந்து கொஞ்ச நேரம் சாவியைப் போடாமல் இருந்தேன். அவளை இங்கே கொண்டுவந்து விடுவதற்கு முன் என் வீட்டை நானே கொளுத்திவிடுவேன் என்று முடிவு பண்ணினேன்.

வீட்டை ஒதுக்க நான்தான் முதலில் இறங்கினேன். ஆழம் தெரியாமல் காலை விட்ட கதை. ஒரு அலமாரியைத் திறந்தேன். மாலைக்குள் அலமாரியில் இருந்ததெல்லாம் ஹாலில் இருந்தது. ஹாலில் இருந்தது எங்கே போனது என்று எனக்கே தெரியவில்லை. மகள் வீடியோவில் பார்த்துவிட்டு, "அப்பா, நிறுத்துங்க," என்றாள். பிறகு, இதற்கென்றே ஆள் இருக்கிறார்கள், நான் ஏற்பாடு பண்ணுகிறேன் என்றாள். சமைக்க ஆள் வைப்பார்கள், புல் வெட்ட ஆள் வைப்பார்கள். நம் சாமானை என்ன செய்வது என்று நமக்குச் சொல்ல ஆள் வைப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. "என் வீட்டக் குப்பன்னு சொல்றதுக்கு ஆளு, அதுக்குச் சம்பளமா?" என்று கேட்டேன். "ஆமாப்பா," என்றாள்.

வந்தது ஒரு தமிழ்ப் பெண், முப்பது வயதுக்குக் கொஞ்சம் மேலிருக்கும். மாசாயில் வீடு. கறுப்பு டீ-சட்டை, இடுப்பில் மார்க்கர் பேனாக்கள் சொருகிய பை, கையில் எழுத்து அடிக்கும் சின்ன மிஷின். உள்ளே வந்ததும் மூக்கைச் சுளிப்பாள் என்று எதிர்பார்த்து ஒரு பதிலைத் தயாராக வைத்திருந்தேன். அவள் சுளிக்கவில்லை. என் மனைவியின் கையைப் பிடித்து, "ஆன்ட்டி, சாப்ட்டீங்களா?" என்று கேட்டாள். எனக்கு அவளைப் பிடித்துவிட்டது.

"அங்கிள், ஒங்க வீட்ல என்ன இருக்குன்னு ஒங்களுக்கே தெரியாது. அதனால மொதல்ல எல்லாத்தயும் வெளிய எடுப்போம். ஒரே மாதிரி சாமான் ஒரே எடத்துல. பாத்தாதான் புரியும்," என்றாள்.

எடுத்தோம். போர்ச்சில் குடைகள் ஒரு குவியல், டப்பாக்கள் ஒரு குவியல், போர்வைகள் ஒரு குவியல். இத்தனை போர்வைக்கு இந்த ஊரில் எப்போது குளிரடித்தது என்று எனக்குத் தெரியவில்லை. என் மனைவி கட்டுப்போட்ட கையோடு வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாவம், காலி பண்ணிட்டுப் போறாங்க போல," என்றாள் என்னிடம். "சின்னப் பொண்ணு. ஒத்தையா எவ்ளோ சாமான் தூக்குது பாருங்க. கொஞ்சம் ஒத்தாச பண்ணக் கூடாதா?"

அவளே ஒத்தாசை பண்ண ஆரம்பித்தாள். நல்ல கையால் ஒரு குடையை எடுப்பாள், மழை வந்தால் நனைந்துவிடுமென்று உள்ளே கொண்டுபோய் வைப்பாள். மறுபடி வந்து ஒரு டப்பாவை எடுப்பாள். அந்தப் பெண் முன் வாசல் வழியாக வெளியே கொண்டுவர, இவள் பக்கக் கதவு வழியாக உள்ளே கொண்டுபோக, மத்தியானம் வரை இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் நன்றி சொல்லிக்கொண்டே இருந்தார்கள். நான் சிரித்தது அப்போதுதான். வயிறு வலிக்கச் சிரித்தேன், என் மனைவியும் காரணம் தெரியாமல் கூடச் சிரித்தாள்.

"அங்கிள், ஆன்ட்டி இருந்தா வேல ஆகாது," என்றாள் அந்தப் பெண், வியர்வையைத் துடைத்துக்கொண்டு. மகள் லீவு போட்டுவிட்டு வந்து அம்மாவை மெர்சிங்குக்குக் கூட்டிக்கொண்டு போனாள். என் மனைவிக்குக் கடல் பிடிக்கும். கார் கிளம்பும்போது கண்ணாடியை இறக்கி, "கதவப் பூட்டிக்குங்க," என்று என்னிடம் சொன்னாள். அவள் திரும்பி வரும்போது தடுக்கி விழ ஒன்றுமில்லாத வீடு இருக்க வேண்டும், மகள் ஹோம் என்ற வார்த்தையை மறந்துவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஹாலும் அறைகளும் சீக்கிரம் முடிந்தன. அந்தப் பெண்ணுக்கு ஒரு விதி. அவள் எதையும் வேண்டாம் என்று சொல்லமாட்டாள். கையில் தூக்கிக் காட்டுவாள், வீட்டுக்காரர்தான் சொல்ல வேண்டும். வைத்துக்கொள்வதா, கொடுத்துவிடுவதா, போடுவதா? முதலில் ஒவ்வொன்றுக்கும் யோசித்தேன். பிறகு ருசி கண்ட பூனை ஆகிவிட்டேன். போடு, போடு, கொடு, போடு. டைம் கீப்பராக இருந்த காலத்துக்குப் பிறகு என் வாயிலிருந்து வந்த உத்தரவை ஒருவர் உடனே நிறைவேற்றியது அப்போதுதான்.

கடைசியாக அடுப்படி. தரையில் சாக்கை விரித்து அவள் பாத்திரங்களைப் பரப்பினாள். டம்ளர், கிண்ணம், தட்டு, தூக்குச்சட்டி, குண்டான். நடக்க இடமில்லை. அவள் ஒரு டம்ளரை எடுத்துப் பார்த்தாள்.

"எல்லாத்துலயும் பேர் இருக்கே அங்கிள். இது யாரோட சாமான்?"

"ஆன்ட்டியோடது. வந்ததெல்லாம் அவதான் சேத்து வெச்சா."

"அப்ப ஆன்ட்டியக் கேக்கணுமே."

"அவளக் கேட்டா எல்லாம் வேணும்பா. நீ பாத்தல்ல?"

அவள் யோசித்தாள். "அப்ப நீங்கதான் சொல்லணும் அங்கிள். நான் சொல்லக் கூடாது."

நடையில் அடுக்கியிருந்தவை வாளிகள்தான். ஆனால் வாளிகளை நடையில் வைக்கக் காரணம், வாளி இருக்க வேண்டிய இடத்தில் இந்தப் பாத்திரங்கள் இருந்ததுதான். எனக்கு இவற்றின் மேல் அப்படியொரு ஆத்திரம். இவைதான் அவளைத் தள்ளிவிட்டன என்பதுபோல. "எல்லாத்தயும் குடுத்துடலாம்," என்றேன். அவள் நிஜமாகவா என்று திரும்பக் கேட்டாள். நிஜமாகத்தான் என்றேன். "ஒரு ஃபோட்டோவாச்சும் எடுத்து வெச்சுக்கலாமா? சில பேரு அப்படிச் செய்வாங்க," என்றாள். பாத்திரத்துக்கு எதற்கு ஃபோட்டோ, இதென்ன பாஸ்போர்ட்டா எடுக்கப்போகிறது என்று கேலி பண்ணினேன். அவள் போய்ச் சாக்குகளை எடுத்துவந்தாள்.

எங்கள் கோயில் மண்டபத்தில் திருநாள் வரப்போகிற நேரம். அங்கே எல்லாம் பிளாஸ்டிக் கோப்பைதான். மண்டபத்து அடுப்படியைப் பார்த்துக்கொள்கிறவருக்குப் போன் போட்டேன். மனிதருக்கு ஏகச் சந்தோஷம். பாத்திரங்களைச் சாக்குகளில் கட்டிக் காரில் ஏற்றிய பிறகுதான் எனக்கு உறைத்தது. திருநாளுக்கு எல்லாரும் வருவார்கள். சிம்பாங் ரெங்கத்துக்காரர்கள் வருவார்கள், செடெனாக்கிலிருந்து சித்தப்பா பிள்ளைகள் வருவார்கள். தேத்தண்ணீர் வாங்கும் கையில், தங்கள் அப்பா ஆசையாகப் பேர் வெட்டிக் கொடுத்த டம்ளர்! அன்புடன் என்று வேறு இருக்கும். நான் சபையில் எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு நிற்பது? இவன் பெண்டாட்டிக்கு நினைவு போனதும் சொந்தபந்தத்தைத் தூக்கித் தெருவில் வைத்துவிட்டான் என்று பேசமாட்டார்களா?

யோசித்தேன். ஒரு வழி தோன்றியது. இவ்வளவு புத்திசாலித்தனமாக என் வாழ்க்கையில் நான் யோசித்ததே இல்லை என்று அப்போது நினைத்தேன். காரைத் தொழிற்பேட்டைப் பக்கம் திருப்பினேன். அங்கே இரும்புக் கதவு, சமையலறைப் புகைக்கூண்டு எல்லாம் செய்கிற சீனர் ஒருவரின் பட்டறை இருக்கிறது. தேய்க்கும் சக்கரம் வைத்திருக்கிறார். பேர்களை மட்டும் எடுத்துத் தர முடியுமா என்று மலாயில் கேட்டேன். தவுக்கே, அந்த முதலாளி, ஒரு டம்ளரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "சாயாங் லா," என்றார். அநியாயமாகப் போகிறதே என்று அர்த்தம். எதற்கு எடுக்கிறாய், நன்றாகத்தானே இருக்கிறது என்றார். கொடுத்தவர்கள் பார்த்தால் எனக்கு வெட்கம் என்றேன். அவர் தோளைக் குலுக்கிவிட்டுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

சக்கரம் சுற்றியது. பொறி பறந்தது. ஒவ்வொன்றிலும் பேர் இருந்த இடம் முதலில் மங்கியது, பிறகு மற்ற இடத்தைவிடப் பளிச்சென்று ஆனது. நான் ஸ்டூலில் உட்கார்ந்து, அவர் கொடுத்த சோயா பாலைக் குடித்துக்கொண்டு பார்த்தேன். நிம்மதியாக இருந்தது. யார் மனமும் கோணாமல் காரியம் முடிந்துவிட்டது. அன்று மாலையே பாத்திரங்களை மண்டபத்தில் இறக்கினேன். புதுசு போலிருக்கிறதே என்று அந்த அடுப்படிக்காரர் தடவித் தடவிப் பார்த்தார்.

மெர்சிங்கிலிருந்து அவர்கள் வந்தபோது வீடு தயாராக இருந்தது. நடை அகலமாகிவிட்டது, சுவரில் பிடித்து நடக்கக் கம்பி, குளியலறையில் வழுக்காத விரிப்பு. அடுப்படி அலமாரிகளில் அந்தப் பெண் தமிழிலேயே எழுத்து அடித்து ஒட்டியிருந்தாள். சீனி, தேயிலை, தட்டு. உள்ளே புதுக் கண்ணாடிக் கோப்பைகள். மகள் ஒவ்வோர் அறையாகப் பார்த்துவிட்டு என்னைக் கட்டிக்கொண்டாள். "சூப்பர்ப்பா. இனிமே அம்மாவுக்கு ஒண்ணும் ஆகாது. ஹோமெல்லாம் வேணாம்." அதைக் கேட்கத்தானே இத்தனை நாளும் காத்திருந்தேன்.

என் மனைவி வாசலில் செருப்பை அழகாகக் கழற்றி ஓரமாக வைத்தாள். எங்கள் வீட்டில் அவள் அப்படி வைத்து நான் பார்த்ததில்லை. காலால் உதறிவிட்டு வருவாள். உள்ளே வந்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டாள். சுற்றிப் பார்த்தாள்.

"வீடு நல்லா இருக்கு," என்றாள் என்னிடம். "வாடகையா, சொந்தமா?"

மகள் அவள் பக்கத்தில் முட்டிபோட்டு, "அம்மா, இது நம்ம வீடும்மா," என்றாள். அவள் பெரிய இடத்துக்கு வந்த விருந்தாளி போலச் சிரித்தாள். பயணக் களைப்பு, காலையில் சரியாகிவிடும் என்று நான் சொன்னேன். மகளும் அப்படித்தான் நினைத்தாள். மறுநாள் வேலை, அன்று மாலையே திரும்பிப் போனாள்.

காலையில் என் மனைவி அடுப்படிக்கு வந்தாள். எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது. அலமாரியைத் திறந்தாள். கண்ணாடிக் கோப்பையை எடுத்தாள், அதன் விளிம்பைச் சுற்றிலும் பார்த்தாள், கவிழ்த்து அடியிலும் பார்த்தாள். பிறகு எடுத்த இடத்திலேயே திருப்பி வைத்துக் கதவை மெல்லச் சாத்தினாள், அடுத்தவர் வீட்டு அலமாரியைத் திறந்துவிட்டவள் போல. வெளியே வந்து என்னிடம், "அண்ணே, எப்ப கிளம்பறது?" என்று கேட்டாள்.

கல்யாணமான நாளிலிருந்து அவளுக்கு நான் 'என்னங்க'. மறதி வந்த பிறகும் 'என்னங்க'தான். மகளை யாரென்று கேட்ட நாளிலும் என்னைக் கேட்டதில்லை. நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் என்னைத் தவறாக எடுத்துக்கொண்டாளோ என்னவோ, "ஒங்கள அவசரப்படுத்தல, மெதுவாச் சொல்லுங்க," என்றாள்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. படிக்காதவன் மண்டையில் ஏறுகிற மாதிரி மெதுவாக, ஆனால் முழுசாகப் புரிந்தது. அவள் தினமும் காலையில் பாத்திரம் கழுவவில்லை. தன் ஆட்களை ஒவ்வொருவராக எழுப்பி, நான் இன்னார், இது என் வீடு என்று தெரிந்துகொண்டிருந்தாள். அந்த வரிசையின் கடைசியில் நானும் வந்து நின்றிருப்பேன்.

காரை எடுத்துக்கொண்டு கோயில் மண்டபத்துக்குப் போனேன். அவளையும் முன் சீட்டில் உட்கார வைத்துத்தான் போனேன். கொடுத்ததைத் திருப்பிக் கேட்கிற ஈனத்தைப் பற்றி யோசிக்க எனக்கு நேரமில்லை. அடுப்படிக்காரர் என்னையும் காரிலிருந்த அவளையும் பார்த்தார். சாக்குகளை அவரே தூக்கிவந்து வைத்தார். "நாங்க பிளாஸ்டிக்லயே குடிச்சுக்கிறோம்ணே," என்றார்.

அடுப்படித் தரையில் எல்லாவற்றையும் கொட்டினேன். பாத்திரம் உருளும் சத்தத்தில் அவள் முகம் மலர்ந்தது. மலர்ந்தது என்று சும்மா எழுதவில்லை. சேலைத் தலைப்பை இடுப்பில் சொருகிக்கொண்டு, பழைய சுறுசுறுப்போடு வந்து கீழே உட்கார்ந்தாள். நான் சேசுவே என்று சொல்லிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன்.

ஒரு டம்ளரை எடுத்தாள். கட்டைவிரல் தன்னால் விளிம்புக்குக் கீழே போனது. அந்தப் பளிச்சென்ற இடத்தில் போய், வந்து, மறுபடி போனது. வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். கீழே வைத்துவிட்டு இன்னொன்றை எடுத்தாள். பிறகு ஒரு தூக்குச்சட்டி. பிறகு ஒரு தட்டு.

"பேரு இல்லியே," என்றாள்.

"இது சிம்பாங் ரெங்கம் பெரிய மாமா வூட்டு டம்ளரு," என்றேன். அவசரமாகச் சொன்னேன். அது எந்த டம்ளர் என்று எனக்குத் தெரியாது. எல்லாம் ஒரே மாதிரிதான் இருந்தன. "அவங்க மக கல்யாணத்துல மழ பேஞ்சிச்சே. பந்தலு சரிஞ்சு போச்சு. மாப்பிள்ள ஓடிப்போயி..."

"ஓடிப்போயி?" என்று ஆவலாகக் கேட்டாள்.

மாப்பிள்ளை ஓடிப்போய் என்ன செய்தான் என்று எனக்குத் தெரியவில்லை. நூறு முறை கேட்ட கதை. ஒரு முறையும் அதற்குமேல் நான் உட்கார்ந்து கேட்டதில்லை. அந்த இடத்தில்தான் பேப்பரை எடுத்துக்கொண்டு போர்ச்சுக்குப் போவேன். குடையை எடுத்துவந்தானா? பெண்ணைத் தூக்கிக்கொண்டு ஓடினானா? பந்தலைத் தாங்கிப் பிடித்தானா? அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஏதோ சொன்னேன். குடை கொண்டுவந்தான் என்றேன். அவள் தலையை ஆட்டினாள், தெரியாதவர்கள் வீட்டுக் கதைக்கு மரியாதைக்கு ஆட்டுவதுபோல.

அடுத்ததுக்கு வேறொரு கதையைத் தொடங்கினேன். அதுவும் பாதியில் நின்றது. எந்தக் கதைக்கும் என்னிடம் முடிவு இல்லை. கொஞ்ச நேரத்தில் யாருடைய புதுநன்மை, யாருடைய கல்யாணம் என்று எனக்கே குழம்பிவிட்டது. ஆணி எடுத்து நானே பேரை வெட்டினாலென்ன என்றுகூட யோசித்தேன். எதில் யார் பேரை வெட்டுவது?

"பரவால்லண்ணே," என்று அவள்தான் என்னைத் தேற்றினாள். "யாரு வூட்டுப் பாத்திரமோ, மாறி வந்துருச்சு போல. பாவம், தேடிக்கிட்டு இருப்பாங்க. கழுவி வெப்போம்."

எல்லாவற்றையும் ஒற்றைக் கையாலேயே கழுவினாள். நான் துடைத்துக் கொடுத்தேன். வாங்கி வாங்கி வாசல் பக்கம் கொண்டுபோய், சுவரோரமாக, வருகிறவர்கள் எடுத்துக்கொண்டு போக வசதியாக அடுக்கினாள். அந்த அகலமான நடையில் ஒரு முறையும் தடுக்கவில்லை. மகள் அந்த நேரத்தில் போன் பண்ணி, அம்மா எப்படி இருக்கிறார் என்றாள். நன்றாக நடக்கிறாள் என்றேன். அது உண்மைதான்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். நான் அடுத்த நாற்காலியில் உட்கார்ந்தேன். வாசலைப் பார்த்தபடி இருவரும் இருந்தோம்.

"நீங்க எந்தப் பக்கம் போறீங்கண்ணே?" என்று கேட்டாள்.

"நீ எங்கம்மா போவணும்?"

"வீட்டுக்குத்தான். எங்க வூட்டுக்காரரு பஸ் கம்பெனில இருக்காரு. நேரம் தப்புனா அவருக்குப் புடிக்காது. கோவக்காரரு, ஆனா நான் வர்ற வரைக்கும் சாப்புட மாட்டாரு."

"நானும் அந்தப் பக்கந்தான்," என்றேன்.

"அப்ப ஒண்ணாவே போயிடலாம்," என்றாள். சரி என்றேன். எங்கே கூட்டிக்கொண்டு போவது என்று எனக்குத் தெரியவில்லை.